அக்கா வறுத்த மணல்

பாம்புக்கு ஆவி பிடித்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, என் வாயால் வந்தால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். அலுமினியச் சட்டி நிறைய டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூக்கலிப்டஸ் இலையைப் போட்டுக் கொதிக்க வைத்தேன். பாம்பு கிடந்த பக்கெட்டுக்குப் பக்கத்தில் சட்டியை வைத்தேன். இரண்டையும் சேர்த்து என் கம்பளியால் மூடினேன். பிறகு நீளமான கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கம்பளியின் ஓரம் விலகாமல் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். சளிக்காரனுக்கு எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்படித்தான் செய்வோம். கம்பு மட்டும்தான் நான் புதிதாகச் சேர்த்தது.

இத்தனைக்கும் ஈரத்தை எடுப்பதுதான் என் தொழில். இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு நான் பொறுப்பு. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை விட்டு, அதிலுள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். கூடினால் சருகு, குறைந்தால் கூழ். காற்றை உலர்த்தத் தெரிந்தவன் என்று மாதாமாதம் சம்பளம் வாங்கும் ஒருவன், மழையே காணாத சீமையிலிருந்து வந்த ஒரு சீவனைப் புட்டு அவிப்பதுபோல அவித்தான் என்றால், அந்தச் சம்பளத்தைப் பற்றித் தோட்டத்துத் துரை ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம். இதுவரை அவர் யோசிக்கவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இவ்வளவு பாடுபட்டது என் அக்காவுக்காக. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்பவள் அக்கா. தோட்டத்தில் இன்றைக்குக் கல்யாணம் கட்டிப் போகிற பெண்கள் சிலர்கூட அவள் மடியில் மூத்திரம் போனவர்கள்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு பிசைந்து ஊட்டிய அவளுக்கு, சொந்தமாக ஒன்று தங்கவில்லை. இரண்டு முறை வயிற்றில் வந்தது, இரண்டு முறையும் பாதியில் போனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பொதுவாகவே பேச்சில் சிக்கனக்காரி. எனக்கும் சேர்த்து அவள் மிச்சம் பிடித்ததைத்தான் நான் இப்படி அள்ளி இறைக்கிறேன் என்று அவள் புருஷன், என் மச்சான், சொல்வார். நான் சொல்லும் அந்த வருடம் மூன்றாவது முறை. முன்பு இரண்டும் கைவிட்டுப் போன மாதத்தை இந்தப் பிள்ளை தாண்டிவிட்டிருந்தது. லயத்தில் எல்லோரும் அக்கா பக்கத்தில் வரும்போது குரலைத் தாழ்த்தினார்கள். நான்கூட.

மச்சான் லொறிக்காரர். வெலிமடையில் லீக்ஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போவார், திரும்பி வரும்போது கருவாடு கொண்டுவருவார். அவர் வருவது எங்களுக்குக் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். அந்த முறை வந்தவர் லொறியை விட்டு இறங்கியதும் முதலில் சொன்னது மழையைப் பற்றி. மன்னாரில் மண் வெந்து வெடித்துக் கிடக்க வேண்டிய மாதத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதாம். சந்தைக்குப் பின்னால் இருந்த மணல்வெளி குளமாகிக் கிடந்ததாம். "கருவாடு வித்த ஆளு, இதத் திரும்பத் தண்ணியிலயே விட்டுறலாமான்னு கேக்குறாரு" என்றார்.

எங்கள் பக்கமும் லேசுப்பட்டதில்லை. ஆடி பிறந்தால் எங்கள் ஊவா மாகாணத்துக்கு ஒரு காற்று உண்டு. மேற்கு மலைகளில் தன் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வெறும் வறண்ட காற்றாக எங்கள் மேட்டைத் தாண்டி இறங்கும். உதடு வெடிக்கும், கொழுந்து சுருங்கும், தேயிலையில் ஒரு வாசம் ஏறும். உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத அந்த வாசத்துக்காகத்தான் எங்கள் தோட்டங்களுக்குப் பெயர். அந்த வருடம் காற்று வரவில்லை. மேட்டைத் தாண்டி மூடுபனிதான் வந்தது, வந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. கலண்டரில் ஆடி, கதவைத் திறந்தால் ஐப்பசி. கொடியில் போட்ட துணி ஒரு வாரமாகியும் காயாமல் நாற, தொழிற்சாலையை நடத்தும் எங்கள் டீமேக்கர் ஐயா வானத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலையில் மச்சான் லொறியில் சரக்கை மூடும் படங்கை உதறினார். அதன் மடிப்பிலிருந்து தொப்பென்று விழுந்தது அது. குட்டையாக, தடியாக, முதுகு முழுக்கக் கபில நிறத் திட்டு. "கண்ணாடி விரியன்!" என்று முதலில் கத்தியது நான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை. கத்தும்போது நான் லொறியின் கூரைமேல் இருந்தேன். மம்பட்டியும் விறகுக் கட்டையுமாக ஆட்கள் ஓடி வந்தார்கள். அது ஓடவில்லை. தலையைக் கொஞ்சம் தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி, ஈரச் சிமெந்தில் அப்படியே கிடந்தது.

அந்த நேரம் பிள்ளைக் காம்பராவிலிருந்து அக்கா வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில்.

"எவனும் தொடக் கூடாது."

மம்பட்டிகள் இறங்கின. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் பாம்பை அடிக்கக் கூடாது என்பது எங்கள் லயங்களில் எல்லோரும் மதிக்கும் வழக்கம். தூக்கிக்கொண்டுபோய்க் காட்டோரம் விட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் அக்கா குனிய முடியாமல் கொஞ்சம் சாய்ந்து அதைப் பார்த்தாள். மூக்கோரத்தில் சின்னச் சின்ன நுரை. பக்கம் இரண்டும் இழுத்து இழுத்து ஏறி இறங்கின.

"இதுக்கு முடியல. இந்தக் குளிர்ல விட்டா செத்துரும்."

"செத்தா நாமளா அடிச்சோம்? அதுவாத்தான் சாகுது" என்றார் மச்சான்.

"அதுவாவும் சாகக் கூடாது."

வழக்கம் 'அடிக்காதே' என்பதோடு நின்றுவிடும். அக்கா அதை இழுத்து 'சாக விடாதே' வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். அது எந்தச் சாத்திரத்திலும் இல்லை என்று சொல்ல மச்சான் வாயைத் திறந்தார். அக்கா முகத்தைப் பார்த்ததும் மூடிவிட்டார். நானும் பார்த்தேன். இரண்டு முறை எதையோ பிடித்துவைக்க முடியாமல் போன ஒருத்தியின் முகம் அது. மூன்றாவது முறை, கண்ணெதிரே மூச்சுக்குத் திணறுகிற எதையும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. பாம்பு பிழைத்தால் பிள்ளை பிழைக்கும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து எங்கள் லயத்தில் ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருந்தது.

அக்கா வீட்டுக்கு அடுத்த காம்பரா, ஒற்றை அறை, என்னுடையது, நான் தனிக்கட்டை. ஆகவே நோயாளி என் வீட்டில் சேர்க்கப்பட்டது. அங்கேதான் அந்த ஆவி வைபவம் நடந்தது. மச்சான் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"மல்லித்தண்ணி குடுக்கலியாடா?"

"குடுக்கலாமா மச்சான்?"

"இஞ்சி தட்டிப் போட்டுக் குடு. கூடவே நெத்தியில கொஞ்சம் தைலம் பூசி விடு. நெத்தி எதுன்னு கண்டுபுடிச்சிட்டு என்னயும் கூப்புடு."

சாயந்திரம் அதன் மூச்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது அப்போதுதான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது: "மூச்சு வுடுதா?" விடுகிறது என்றேன். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று தெரியாது. சோறு தின்னும்போது, துணி மடிக்கும்போது, பிள்ளைக் காம்பராவுக்குப் போகும்போது, வரும்போது. பதிலுக்காக நிற்பாள். பதில் வந்ததும் போய்விடுவாள்.

நல்ல காலம், தோட்டத்து மாட்டுப் பட்டியில் ஒரு பசு கன்றுபோட முடியாமல் கிடந்தது. பசுவுக்கு அது கெட்ட காலம்தான், ஆனால் அதைப் பார்க்க அடுத்த நாளே மிருக வைத்தியர் வந்தார். பதுளையில் பெரிய கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண், எல்லோரும் டாக்டர் மிஸ் என்போம். கன்றை வெளியே எடுத்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், வீட்டில் ஒரு விரியனுக்குச் சளி என்றேன். என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "யா அல்லாஹ்!" என்று அங்கேயே ஒரு புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

வந்து பார்த்ததும் சிரிக்கவில்லை. கையுறையோடு அதைத் தூக்கிக் காதோரம் வைத்துக் கேட்டார். "இது விரியன் இல்ல அண்ணன். மண்ணுளிப் பாம்பு. விஷமே இல்ல. மன்னார்ப் பக்கத்து மணல்ல புதைஞ்சு கெடக்கிற சீவன். சுவாசப்பையில கிருமி பிடிச்சிருக்கு. நான் மாட்டுக்கு ஊசி போடுறவ, பாம்புக்கு இன்னைக்குத்தான். பிழையாப் போனா ரெண்டு பேருமாச் சேந்து அக்காகிட்ட ஏச்சு வாங்குவோம்." ஃபோனில் யாரிடமோ அளவு கேட்டு, நூல் மாதிரி ஒரு ஊசியைப் போட்டார். வனஜீவராசி அலுவலகத்துக்கும் பேசினார். மன்னாரில் தண்ணீர் வற்றவில்லை, நோயோடு கொண்டுபோய் விட்டால் அது சாவுதான், டாக்டரின் பொறுப்பில் அங்கேயே இருக்கட்டும் என்று பதில் வந்தது.

அன்று அவர் சொன்னதில் ஒன்றை நான் இன்றும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் உடம்புக்குள் ஓர் அடுப்பு எரிகிறது, வெளியே எது நடந்தாலும் அது பாட்டுக்கு எரியும். பாம்புக்கு அந்த அடுப்பு கிடையாது. வெளியே உள்ள சூட்டைக் கடன் வாங்கித்தான் அது தின்றதைச் செரிக்கிறது, கிருமியோடு சண்டை போடுகிறது, மூச்சு விடுகிறது. நமக்கு மழை வந்தால் குடை, அதற்கு மழை வந்தால் நோய். வெயில் கூடினாலும் அதே கதைதான். மணல்நாட்டுப் பாம்பு என்பதால் எந்தச் சூட்டையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாதாம். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கும், குளிர்ந்தால் மேலே வரும். அந்த ஏற்ற இறக்கம்தான் அதற்கு வைத்தியசாலை. மழை தப்பான மாதத்தில் வந்து வளையை நிரப்பிவிட்டால், அல்லது வெயில் அளவு மீறி அடிமண்ணையும் சுட்டுவிட்டால், அதற்குப் போக இடமில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு மேல்மாடித் தொட்டியில் வாடாமல் கிடக்கும் கொழுந்து ஞாபகம் வந்தது. அதற்கும் சொந்தமாகச் சூடு இல்லை. அதுவும் வராத காற்றுக்காகக் காத்துக் கிடந்தது.

"அப்ப என்ன செய்யணும் மிஸ்?"

"காஞ்ச சூடு வேணும். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் சுமார். ஈரம் ஏறவே கூடாது. இந்த மூடுபனியில அத எப்படிச் செய்றதுன்னுதான் எனக்கும் தெரியல."

எனக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை பத்து வருடமாக நான் வேறு எதைச் செய்துகொண்டிருந்தேன்?

ஓடிப்போய் டீமேக்கர் ஐயாவின் முன்னால் நின்றேன். எங்கள் மேல்மாடியில் இரண்டு உஷ்ணமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் அடியில் ஈரத் துணி சுற்றியிருக்கும். காற்று உலர்ந்திருந்தால் ஈரத் துணிக்காரர் கீழே நிற்பார், காய்ந்தவர் மேலே நிற்பார். காற்றில் ஈரம் ஏற ஏற இரண்டு பேரும் நெருங்கிக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் விசிறியைக் கூட்டுவோம், சூட்டைக் குறைப்போம். பழைய சோடி ஒன்று அலுமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது, அதைத்தான் கேட்டேன்.

"என்னாடா, வாட்டுறதுக்குக் கொழுந்து இல்லன்னு பாம்ப வாட்டப் போறியாம்?" என்றார். செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. "எடுத்துக்க. ஆனா அந்தச் சனியன் மட்டும் பெக்டரிக்குள்ள வந்துச்சு, வெள்ளக்காரன் தேத்தண்ணியில பாம்பு வாசம்னு எழுதிருவான். வராத காத்தால இருக்கிற தலவலி போதும்."

பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் வேலையை ஆரம்பித்தேன். மேலே ஒரு பக்கம் பல்பு, பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டைகள், உள்ளே அந்த உஷ்ணமானிச் சோடி. பெட்டி தயார். மணல் எங்கே? கோயில் கட்ட இறக்கிய மணல் மேட்டில் பிடி பிடித்தால் கையில் தண்ணீர் வடிந்தது. அதை எப்படிக் காயவைப்பது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது அக்கா என் கையிலிருந்த வாளியை வாங்கினாள். அரிசி மா வறுக்கும் பெரிய தாச்சியை அடுப்பில் ஏற்றினாள். முக்காலியில் வயிற்றுக்கு இடம்விட்டு உட்கார்ந்து, அகப்பையால் கிளறிக் கிளறி மணலை வறுக்கத் தொடங்கினாள்.

அந்தக் காட்சியை நான் எப்போதும் மறக்க மாட்டேன். வெளியே வாசல் தெரியாத மூடுபனி. உள்ளே விறகு வெளிச்சம். தாச்சியில் மணல் முதலில் சேறு மாதிரி கனத்துக் கிடந்து, பிறகு ஆவி விட்டு, பிறகு மெல்ல உதிரத் தொடங்கி, கடைசியில் அகப்பை பட்டதும் சரசரவென்று ஓடியது. புட்டு மாவுக்குப் பதம் பார்ப்பதுபோல அக்கா ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு இடையில் உதிர்த்துப் பார்த்தாள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு வந்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்னாக்கா கருகுன மாதிரி வாசம், என்னா ஆக்குறீங்க?" என்றாள்.

"மணல்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மசக்கை என்றால் எதையும் தின்னத் தோன்றும் என்று நினைத்திருப்பாள்.

பாம்பைத் தொடவோ பெட்டிக்குள் கை வைக்கவோ அக்காவுக்கு டாக்டர் மிஸ் தடை போட்டிருந்தார், பாம்பின் உடம்பிலுள்ள கிருமி வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது. ஆகவே அவள் கதவுநிலையைத் தாண்டாமல் உத்தரவு போட்டாள், நான் நிறைவேற்றினேன். எங்கள் குடும்பத்தில் வேலைப் பங்கீடு எப்போதுமே அப்படித்தான். சுடுமணலில் விட்டதும் அது கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மூக்கை உள்ளே நுழைத்தது. தோள்பட்டை இல்லாத ஒரு பிராணி தோளால் இடித்து இடித்து இறங்குவதுபோல, முழு உடம்பும் மணலுக்குள் போனது. கண் மட்டும் மேலே. மச்சான், "ஊருக்கு வந்துட்டோம்னு நெனச்சிருச்சுடா" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பெட்டிக் காற்றை எங்கள் முதல்தரத் தேயிலைக்குக்கூட நான் அப்படிக் காயவைத்ததில்லை. அடுத்த ஊசிக்கு வந்த டாக்டர் மிஸ் உஷ்ணமானிகளைப் பார்த்துவிட்டு, "பாம்பத் தேயிலை மாதிரித் தூளாக்கிப் பாக்கெட்ல அடைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அதன் கண் பால் படர்ந்ததுபோல வெளுத்திருந்தது, சட்டை கழற்றப் போகிறதாம். அந்த நேரம் ஒரு மூலையில் கொஞ்சம் ஈரம் வேண்டும். இல்லாவிட்டால் தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு கண்ணையும் வாலையும் இறுக்கிவிடும். நோயாளிப் பாம்பு அப்படித்தான் சட்டை கழற்றும், சுகமான பாம்பு ஒரே துண்டாகக் கழற்றும் என்றார். மச்சான் மதிற்சுவரிலிருந்து பச்சைப் பாசி உரித்துவந்து குளிர்ந்த மூலையில் வைத்தார். கூடினால் சருகு, குறைந்தால் கூழ். எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை இரண்டாவது முறையும் இன்னொருவர்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பெருங்காற்றோடு மழை வந்து, கீழ்ப்பிரிவில் ஒரு மரம் மின்கம்பியின் மேல் விழுந்தது. மத்தியானம். பல்பு அணைந்தது. பெட்டிக்குள் உஷ்ணமானிகள் இரண்டும் என் கண்முன்னால் நெருங்க ஆரம்பித்தன. கண் வெளுத்து, சட்டை பாதி இளகி, நெஞ்சுச் சளி இன்னும் முழுதாக விடாத நிலையில் அது மணலுக்கு மேலே வந்து தலையைத் தூக்கியது. முதல் நாள் சிமெந்தில் கிடந்த அதே கோலம். அக்கா கதவுநிலையில் நின்றாள். இந்த முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் கை வயிற்றை விட்டு எடுபடவே இல்லை.

தொழிற்சாலைக்கு ஓடினேன். கரண்ட் போனாலும் தேயிலை உலர்த்தும் போறணையின் அடுப்பு விறகில் எரியும், அது பகலில் அணைந்து நான் பார்த்ததில்லை. டீமேக்கர் ஐயா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தபடி, "பாம்பு உள்ள வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். செங்கல்லு வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேனா?" என்றார்.

கட்டடத்துக்கு வைத்திருந்த செங்கற்களை அடுப்பு வாயில் அடுக்கிச் சூடேற்றி, சாக்கில் சுற்றி எடுத்தேன். தொழிற்சாலையிலிருந்து லயத்துக்கு மேடேற வேண்டும். நான் இரண்டாவது நடை போகும்போதே, மழையால் வேலை நின்று திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி கொழுந்துக் கூடையை நீட்டினாள், "இதுல போடுங்கண்ணே" என்றாள். பிறகு அடுத்தவள். அக்கா மடியில் வளர்ந்த பிள்ளைகளின் அம்மாக்கள். படங்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, முதுகில் கொழுந்துக்குப் பதில் சுடுகல்லைச் சுமந்து, அந்த மூடுபனிக்குள் வரிசையாக ஏறினார்கள். ஆறின கல் கீழே போகும், சூடான கல் மேலே வரும். மச்சான் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கல்லை மாற்றினார், நான் உஷ்ணமானியைப் பார்த்து "போதும், இன்னொண்ணு, போதும்" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தோட்டம் முழுவதும் என் பேச்சைக் கேட்டது. கரண்ட் திரும்ப வரும்வரை அந்தப் பெட்டி ஆறவில்லை.

பிறகு ஒரு காலை. மூடுபனி கிழிந்து, வெயில் என் வாசலுக்குள் கால் வைத்தது. பெட்டியைத் திறந்தேன். பாசிக்குப் பக்கத்தில் சட்டை கிடந்தது, உதட்டிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டு. கண் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கண்ணாடி வில்லைகள்கூட உடையாமல் இருந்தன. பாம்பு அந்தப் பக்கம் மினுமினுவென்று, புதிதாகச் சாயம் போட்டதுபோல. அன்றைக்கே வந்து காதில் வைத்துக் கேட்ட டாக்டர் மிஸ், "சத்தமே இல்ல!" என்று கத்தினார். எங்கள் லயத்துக்கு எலியில் எப்போதும் பஞ்சமில்லை. மச்சான் பொறிவைத்துப் பிடித்துக் கொன்று போட்டதை, அதுவரை எதையும் சீண்டாத பாம்பு ஒரே பாய்ச்சலில் வளைத்துப் பிடித்து விழுங்கியது. வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நான் நாடகம் போட்டபோதுகூட இவ்வளவு கைதட்டல் இல்லை. அக்கா கதவுநிலையில் சாய்ந்து நின்று, பாம்பு வந்ததிலிருந்து முதல் முறையாக, சிரித்தாள்.

மன்னாரில் தண்ணீர் வற்றியதும் வனஜீவராசி உத்தியோகத்தர் ஒருவர் வந்து மச்சானின் லொறியில் ஏறிக்கொண்டார். பின்னால் லீக்ஸ், முன்னால் நாங்கள் மூவர், என் மடியில் பெட்டி. மன்னார் வெயிலில் இறங்கியபோது எனக்குத் தலை சுற்றியது. நோயாளி சுகமாக வந்து சேர்ந்தது, வைத்தியன் மயங்கி ஒரு புளிய மரத்தடியில் படுத்தான். நிழலுக்குள் ஒரு மணற்சரிவில் உத்தியோகத்தர் பெட்டியைச் சாய்த்தார். அது இறங்கி, ஒரு நொடி நின்று, மூக்கைக் குத்தியது. மணல் ஒரு மூச்சு விட்டதுபோல அசைந்தது. வாலும் போய்விட்டது. மச்சான், "ஒரு வார்த்த, போய்ட்டு வாறேன்னு சொல்லல பாருடா" என்றார். அந்த மணலில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் தெரிந்தது. திரும்பவும் வரலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அது காய்ந்திருந்தது, சூடாக இருந்தது, அந்தச் சீவனுக்குச் சொந்தமாக இருந்தது. ஜெயித்தவன்போல நான் ஊர்வந்து சேரும்வரை பாடிக்கொண்டே வந்தேன். மச்சான் இரண்டு முறை இறக்கிவிடப் பார்த்தார்.

மாதம் நிறைந்து, பதுளை ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். சுவாசப்பைக்கு ஒரு குறையும் இல்லை என்பதை வார்டு முழுவதும் காதால் கேட்டது.

இப்போது அந்த மகள் பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு ஓடுகிறாள். இந்த ஆடிக்கும் காற்று நேரத்துக்கு வரவில்லை, வந்தபோது ஒரேயடியாக வந்து கொழுந்தைத் தொட்டியிலேயே சருகாக்கியது. மேல்மாடியில் இரண்டு உஷ்ணமானிகளுக்கு முன்னால் நின்று, இன்றைக்கு எந்த மாதம் நடக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய ஆடிகளை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. அந்த ஒரு தடவை மட்டும், ஒரு தேயிலைப் பெட்டியளவு இடத்தில், காலநிலையை நாங்கள் சரியாக வைத்திருந்தோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

நிமிர்ந்த நெஞ்சோடு போன வாரம் பிள்ளைக் காம்பரா வாசலில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் நின்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் என் பங்கு கொஞ்சம் வளரும், இந்த முறை நன்றாகவே வளர்ந்துவிட்டது. முடிக்கும்போது, "அன்னைக்கு மட்டும் நான் அந்தப் பாம்புக்கு உசுரு குடுக்காட்டி, இன்னைக்கு இந்தப் புள்ளயே இல்ல. என்னாக்கா, சரிதானே?" என்றேன்.

அக்கா மகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெத்தது நான்டா."